நிமிர்த்தலும் காத்தலும்: சீன மரபு மருத்துவ வரலாற்றில் முதுகெலும்பு வளைவு

முன்னுரை

நேராக நிற்றலை மனித உடலின் இயல்பாகவும் வளைந்து நிற்றலைக் குறையாகவும் கருதும் வழக்கம் பல நாகரிகங்களுக்கும் பொதுவானது. அக்குறையைப் போக்க முனைந்த மருத்துவ மரபுகளுள் மிக நீண்ட எழுத்துச் சான்றினைக் கொண்டவற்றில் ஒன்று சீன மரபு மருத்துவம். கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் உருப்பெற்ற மருத்துவத் தொகுப்புகள் தொடங்கி, 1742-இல் சிங் அரசவை வெளியிட்ட பெருநூல் வரையில் முதுகு வளைவு பற்றிய குறிப்புகள் தொடர்ந்து காணப்படுகின்றன. இவற்றை அடிப்படையாகக் கொண்டு, சீன மருத்துவம் ஈராயிரம் ஆண்டுகளாக முதுகெலும்பின் பக்கவளைவைக் குணப்படுத்தி வந்துள்ளது என்னும் கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுகிறது. இக்கருத்தை நூல்களின் வழிநின்று ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுக்கு இரு வினாக்கள் அடிப்படையாகின்றன. பழைய நூல்கள் பேசும் வளைவும் இன்று பக்கவளைவு எனப்படும் நோயும் ஒன்றுதானா என்பது முதல் வினா. வளைவை நிமிர்த்துதல், வளைந்தவரைக் காத்தல் என்னும் இரண்டில் எதனை மருத்துவத்தின் பயனாகச் சீன மரபு கொண்டது என்பது இரண்டாவது வினா. இரண்டாம் வினாவுக்கு விடை தேடும்போது மருத்துவ நூல்கள் மட்டும் போதா. கதை நூல்களையும் துணைக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்கதை நூல்களுள் ஒன்று இந்தியாவிலிருந்து சென்றது என்பது நமக்குத் தனி ஆர்வம் தருவதாகும்.

சொல்லும் பொருளும்

பழஞ்சீன நூல்களில் வளைந்த முதுகைக் குறிக்க 'லூ', 'யூ', 'கோலௌ' முதலிய சொற்கள் வழங்குகின்றன. குழந்தை மருத்துவ நூல்கள் 'குய்பெய்', அஃதாவது 'ஆமை முதுகு' என்னும் சொல்லை ஆள்கின்றன. பிற்காலப் பேச்சு வழக்கில் ஒட்டகத்தை நினைவூட்டும் 'துவோ' என்னும் சொல் நிலைபெற்றது. இச்சொற்கள் அனைத்தும் உடல் முன்னோக்கிக் குனிந்து முதுகு மேலெழும் நிலையையே சுட்டுகின்றன. தமிழில் 'கூன்' என்பது இவற்றுக்கு நேரான சொல். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, தன்னச்சில் முறுக்கிக்கொள்ளும் நிலையைத் தனியொரு நோயாகப் பிரித்துக் கூறும் 'ஜிசூ சேவான்' என்பது தற்கால மருத்துவக் கலைச்சொல். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் பழைய நூற்பகுதிகளைப் பக்கவளைவுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. இக்கட்டுரையில் முன்வளைவு 'கூன்' எனவும், பக்கவாட்டு வளைவு 'பக்கவளைவு' எனவும், இரண்டையும் உள்ளடக்கிய பொதுநிலை 'வளைவு' எனவும் குறிக்கப்பெறும்.

கூனர் எப்போதும் நோயாளியாகவே காட்டப்படவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. 'சுவாங்சூ' என்னும் தாவோயிச நூலில் நீண்ட கோலின் நுனியால் சிள்வண்டுகளைப் பிடிக்கும் கூனர் ஒருவர் வருகிறார். அவருடைய ஒருமுகப்பட்ட மனத்தைக் கண்டு கன்பூசியசே வியந்து தம் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டுகிறார். அதே நூலில் வரும் ஜிலி ஷு என்பவரின் மோவாய் கொப்பூழருகே புதைந்திருக்க, தோள்கள் தலைக்கு மேல் உயர்ந்திருக்கின்றன. தைத்தும் துவைத்தும் அவர் பிழைக்கிறார். அரசு படைக்கு ஆள் திரட்டும்போது அவர் அச்சமின்றி நடமாடுகிறார்; கட்டாய உழைப்பிலிருந்தும் அவருக்கு விலக்குண்டு. நோயுற்றோர்க்கு அரசு தானியம் வழங்கும்போதோ அவருக்கும் பங்கு கிடைக்கிறது. வளைந்த உடல் அரசின் பிடியிலிருந்து தப்பிய உடலாக இங்கே காட்சியளிக்கிறது. பின்னர் ஆராயப்படும் மிங் காலக் கதையோடு ஒப்பிடுகையில் இச்சித்திரத்தின் சிறப்பு விளங்கும்.

குளிரும் நாணும்

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்' (மஞ்சள் பேரரசரின் உள்நூல்) சூவென், லிங்ஷூ என்னும் இரு பகுதிகளால் ஆயது. சூவென் பகுதி இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது 762-இல் வாங் பிங் செய்த பதிப்பின் வழியாகும். அதன் 3-ஆம் இயல், உடலின் வெம்மைக் கூறாகிய 'யாங்' ஆற்றல் உள்ளத்தையும் தசைநாண்களையும் பேணுகிறது என்றும், அவ்வாற்றல் திறந்து மூடும் ஒழுங்கு கெடும்போது குளிர் உட்புகுந்து 'தாலௌ' எனப்படும் பெருங்கூன் தோன்றுகிறது என்றும் விளக்குகிறது. 43-ஆம் இயல் சிறுநீரகத்தைப் பற்றிய 'பீ' நோயை விவரிக்கையில், நோயாளி குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் இடுப்படி எலும்பும், தலை இருக்க வேண்டிய இடத்தில் முதுகெலும்பும் அமைந்தாற்போல ஒடுங்கிவிடுவதாகக் காட்டுகிறது. நிற்க இயலாமல் அமர்ந்தே நகரும், தலை தோளுக்குக் கீழ் தொங்கும் ஒருவரை நேரில் கண்டு எழுதிய விவரிப்பாகவே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

இவ்விளக்கங்களில் எலும்பு இடம்பெயர்ந்தது என்னும் கருத்து முதன்மை பெறவில்லை. நாண் சுருங்கியது, வெம்மை குன்றியது, எலும்பைப் பேணும் சிறுநீரகம் நலிந்தது என்பனவே காரணங்களாகின்றன. எனவே வெளியிலிருந்து அழுத்தி நிமிர்த்தும் எண்ணம் இக்கொள்கையிலிருந்து தானாகப் பிறப்பதன்று. வெம்மையூட்டல், ஊட்டமளித்தல், இயக்கம் தருதல் ஆகியனவே இதற்கு இயைந்த மருத்துவங்கள்.

சுயி அரசவை மருத்துவர் சாவ் யுவான்ஃபாங் தலைமையில் 610-இல் தொகுக்கப்பெற்ற 'சூபிங் யுவான்ஹௌ லுன்' என்னும் 50 மடல்கள் கொண்ட நோய்க்காரண நூலில் 'முதுகுக் கூன்' தனித் தலைப்பாகவே இடம்பெறுகிறது. கல்லீரல் குருதியைச் சேமித்து நாண்களை ஆளுகிறது. உடல் நலிந்திருக்கும்போது காற்றும் குளிரும் முதுகெலும்பை ஒட்டிய நாண்களைத் தாக்குகின்றன. குளிர்ந்த நாண் இறுகிச் சுருங்குவதால் முதுகு கூனுகிறது என அந்நூல் காரணத்தை நிரல்படக் கூறுகிறது. பல நோய்களுக்கு மருந்துச் சரக்குகளுக்கு மாறாக 'தாவோயின்' எனப்படும் மூச்சு, உடலசைவுப் பயிற்சிகளை அந்நூல் பரிந்துரைப்பது குறிப்பிடத்தக்கது. இப்பயிற்சி மரபு மிகப் பழமையானது. ஹுனான் மாநிலத்து மாவாங்துய் மூன்றாம் கல்லறையிலிருந்து 1973-இல் கிடைத்த பட்டோவியத்தில் பயிற்சி செய்யும் 44 உருவங்கள் வரையப்பட்டுள்ளன. அக்கல்லறை கி.மு. 168-இல் மூடப்பட்டது.

சூட்டு மருத்துவத்திற்கும் பழஞ்சான்று உண்டு. 208-இல் இறந்த ஹுவா தோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர், கால் நலிந்து நடக்க இயலாத ஒருவருக்கு முதுகெலும்பின் இருமருங்கிலும் ஒரு 'சுன்' (சீன விரற்கடை) தொலைவில் நூல் பிடித்தாற்போல் நேர்வரிசையாகச் சூடிட்டார் என அவரைப் பற்றிய பழைய வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலையை எரித்துச் சூடு காட்டுவது இம்முறை. இன்றைய அக்குபஞ்சர் மருத்துவர் முதுகெலும்பின் இருபுறமும் ஊசியிடும் புள்ளிகள் இவர் பெயராலேயே 'ஹுவா தோ ஜியாஜி' என வழங்குகின்றன. ஆனால் ஹுவா தோ இம்முறையால் கூனை நிமிர்த்தினார் என்று அக்குறிப்பு கூறவில்லை. அவர் மருத்துவம் செய்தது நடக்க இயலாமைக்கே.

ஆமையும் கண்ணாடியும்

குழந்தைகளின் கூனுக்குச் சோங் காலத்து மருத்துவம் தந்த விடை முற்றிலும் வேறானது. குழந்தை மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் சியென் யீயின் கருத்துகளை யென் சியாவ்சோங் 1119-இல் 'சியாவ்அர் யாவ்செங் ஜிஜுவே' என்னும் நூலாகத் தொகுத்தார். பிறந்த குழந்தையின் முதுகெலும்பில் காற்று புகுந்து எலும்பு மச்சை வரை செல்வதால் ஆமை முதுகு உண்டாகிறது என்பது அந்நூலின் கருத்து. முள்ளெலும்புக் கணுக்களின்மீது ஆமையின் சிறுநீரைத் துளித்துளியாக இடுவது அதற்குரிய மருந்து. அதனைப் பெறும் வழியும் சொல்லப்படுகிறது. தாமரை இலைமேல் ஆமையை வைத்து, அதன் எதிரில் கண்ணாடியைக் காட்டினால் அது சிறுநீர் கழிக்குமாம்.

இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இதன் பின்னுள்ள தருக்கம் அறியத்தக்கது. ஆமை முதுகுக்கு ஆமையே மருந்தாகிறது. உருவ ஒப்புமையால் மருந்தைத் தேரும் இப்போக்கு வேறிடங்களிலும் உண்டு. ஒருவகைப் பெரணியின் கிழங்கு நாயின் முதுகெலும்பை ஒத்திருப்பதால் 'கௌஜி' (நாய் முதுகு) எனப் பெயர் பெற்றது. மிகப் பழைய மருந்துச் சரக்கு நூலான 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' அதனை இடுப்பு, முதுகு விறைப்புக்கு உரியதாகக் கூறுகிறது. இன்றும் அது சீன மருந்துக்கடைகளில் முதுகு நோய்ச் சரக்காக விளங்குகிறது. ஆமைச் சிறுநீரால் முதுகு நிமிர்ந்திராது என்பது தெளிவு. ஆயின் அதனால் குழந்தை இறந்துமிராது. தீங்கு செய்யாமை என்னும் அளவுகோலால் நோக்கின், அடுத்து ஆராயப்படும் மருத்துவனைவிட இம்மருத்துவம் மேலானதே.

மூன்று நூல்களில் ஒரு கதை

கூனை அழுத்தி நிமிர்த்தும் மருத்துவனைப் பற்றிய கதை சீன மொழியில் மூன்று வெவ்வேறு காலத்து நூல்களில் காணப்படுகிறது.

முதலாவது, மூன்றாம் நூற்றாண்டினரான ஹான்தான் சுன் பெயரில் வழங்கும் 'சியாவ்லின்' (நகைக்காடு) என்னும் நூலைச் சார்ந்தது. முழுநூல் மறைந்துவிட, பிற்காலத் தொகைநூல்கள் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. பிங்யுவான் என்னும் ஊரில் கூன் நீக்குவதில் வல்லவன் எனத் தன்னைப் பறைசாற்றிக்கொண்ட ஒருவன் இருந்தான். வளைவின் வழியே அளந்தால் எட்டு அடியும், நிற்கும் உயரத்தை அளந்தால் ஆறு அடியும் உள்ள ஒருவர் பெரும்பொருள் கொடுத்து அவனை நாடினார். அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகின்மேல் ஏறி மிதிக்க முற்பட்டான் மருத்துவன். கொல்லப் பார்க்கிறாயே எனக் கூனர் அலற, நேராக்குவதே தன் வேலை என்றும் சாவைப் பற்றித் தனக்கென்ன என்றும் அவன் விடையிறுத்தான்.

இரண்டாவது, இந்தியாவிலிருந்து சென்ற கதை. சங்கசேனர் என்னும் பௌத்த ஆசிரியர் வடமொழியில் தொகுத்த உவமைக் கதைகளை அவர் மாணவரான குணவிருத்தி, தென் சி அரசின் காலத்தில் 492-இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். 'பாய் யூ ஜிங்' (நூறு உவமைச் சூத்திரம்) எனப்படும் இந்நூலின் வடமொழி மூலம் கிடைக்கவில்லை; சீன மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. பெயர் நூறெனினும் இன்றுள்ள கதைகள் 98. அவற்றுள் ஒன்றில், திடீரெனக் கூன் விழுந்த ஒருவன் மருத்துவனை நாடுகிறான். மருத்துவன் அவன் உடலில் நெய் பூசி, மேலும் கீழும் பலகை வைத்து வலிந்து அழுத்துகிறான். நோயாளியின் இரு கண்களும் ஒருசேரப் பிதுங்கி வெளியே விழுகின்றன. அறம் செய்வதற்காகவெனத் தீய வழியில் வாணிகம் நடத்திப் பொருளீட்டுவோரின் ஆதாயம் அவர்கள் அடையும் கேட்டுக்கு ஈடாகாது என்பதற்கு இக்கதை உவமையாகிறது.

மூன்றாவது, மிங் காலத்தவரான ஜியாங் யிங்கே (1553–1605) எழுதிய 'சுவேதாவ் சியாவ்ஷுவோ' என்னும் நூலில் உள்ளது. இதில் வரும் மருத்துவன், வில்போல் வளைந்தவராயினும் இறால்போல் வளைந்தவராயினும் வளையம்போல் வளைந்தவராயினும் காலையில் தன்னிடம் வந்தால் மாலையில் அம்புபோல் நிமிர்ந்து செல்லலாம் என விளம்பரம் செய்கிறான். ஒருவர் நம்பி வருகிறார். தரையில் ஒரு பலகையிட்டு அவரைக் கிடத்தி, மேலே மற்றொரு பலகையிட்டு அதன்மீது ஏறி மிதிக்கிறான். முதுகு நிமிர்கிறது, நோயாளி இறக்கிறார். மகன் வழக்குத் தொடுக்க முனையும்போது, கூன் நீக்குவது மட்டுமே தன் தொழில் என்றும், ஆள் நேரானானா என்பதே தன் பொறுப்பு, செத்தானா என்பதன்று என்றும் மருத்துவன் வாதிடுகிறான். இக்கதையை ஜியாங் எழுதியது மருத்துவர்களைக் கண்டிக்க அன்று. வரித்தொகை முழுமையாக வந்ததா என்பதை மட்டும் நோக்கி, மக்கள் மடிவதைப் பொருட்படுத்தாத அதிகாரிகளையே அவர் சாடுகிறார். சூஜோவைச் சார்ந்த சாங்சோ வட்டத்தின் ஆட்சியாளராகப் பணியாற்றியவர் அவர். வரி திரட்டுவது அப்பதவியின் தலையாய கடமைகளுள் ஒன்று. தம் பணியின் உள்ளிருந்தே அவர் இக்கண்டனத்தை எழுப்பினார் என்பது கதைக்கு வலுவூட்டுகிறது.

இம்மூன்றையும் ஒன்றாக வைத்து நோக்கும்போது, இந்தியக் கதையே சீனக் கதைக்கு மூலம் என உடனே முடிவு கட்டத் தோன்றலாம். காலவரிசை அதற்கு இடந்தரவில்லை. ஹான்தான் சுன் பெயரில் வழங்கும் கதையில் பலகை இல்லை. மிதித்தல் மட்டுமே உண்டு. அது 492-க்கு முந்தைய நூலைச் சார்ந்தது. பலகை இந்தியக் கதையில் தோன்றுகிறது. மிங் காலக் கதையில் பலகையும் மிதித்தலும் இணைகின்றன. எனவே ஜியாங்கின் வடிவம் இரு மரபுகளும் கலந்த ஒன்றெனக் கொள்வது பொருத்தமாகலாம். கதை கடன்பட்டதா என்பதினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. கேட்போர் சிரிக்க வேண்டுமாயின், இவ்வகை மருத்துவம் அவர்களுக்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். எலும்பு மருத்துவத்தில் பலகை கற்பனைப் பொருளன்று. சுசுருத சங்கிதை எலும்பு முறிந்தோரை முளைகள் அடித்த பலகையில் அசையாது கிடத்தும் 'கபாட சயனம்' என்னும் முறையைக் கூறுகிறது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், கூனரை நீட்டிக் கிடத்திப் பலகையால் அழுத்தும் முறையை விரிவாக விளக்குகிறது. கூனரை ஏணியில் கட்டிக் குலுக்கும் மருத்துவர் கூட்டத்தை வியக்கவைக்கவே அவ்வாறு செய்கின்றனர் என்றும் அதே நூல் கடிகிறது. ஆக, வலிந்து நிமிர்த்தும் ஆசையும் அதன்மீதான ஐயமும் மூன்று நாகரிகங்களிலும் உடன் வளர்ந்துள்ளன.

முன்னர்க் கண்ட ஜிலி ஷுவை இங்கு மீண்டும் நினைவுகூரலாம். சுவாங்சூவில் வளைந்த உடல் அரசின் பிடியிலிருந்து தப்புகிறது. ஜியாங்கின் கதையில் அரசே மிதிக்கும் மருத்துவனாகிறது. இரண்டிலும் எழுவது ஒரே வினா: நேர்மை என்னும் அளவுக்குள் ஓர் உடலைப் பொருத்துவதற்கு அவ்வுடலுக்கு உரியவர் எவ்வளவு விலை கொடுக்க வேண்டும்?

கயிறும் செங்கல்லும்

கதைகளில் மருத்துவன் இவ்வாறு எள்ளப்பட்டிருக்க, மருத்துவ நூல்களில் எலும்பு மருத்துவம் வேறொரு திசையில் முன்னேறியது. ஜியாங்சி மாநிலத்து நான்ஃபெங் ஊரினரான வெய் யீலின், ஐந்து தலைமுறையாக மருத்துவம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1337-இல் எழுதி முடித்து 1345-இல் அச்சேறிய 'ஷியி தெசியாவ் ஃபாங்' முதுகெலும்பு முறிவைப் பற்றிக் கூறுவது வரலாற்றில் குறிப்பிடத்தக்க பகுதி. முறிந்த முதுகெலும்பைக் கையால் சரிசெய்ய முயலலாகாது என அவர் எச்சரிக்கிறார். மென்மையான கயிற்றால் நோயாளியைக் கால்வழித் தொங்கவிட வேண்டும். உடலின் எடையே முதுகை நேராக்க, எலும்பு தானே தன் இடத்தைச் சேரும். பின்னர் முதுகின்மேல் அகன்ற முசுக்கட்டைப் பட்டையும், அதன்மேல் ஊசியிலை மரப்பட்டை இரண்டு மூன்றும் வைத்து, மென்பொருளால் சுற்றிக் கட்ட வேண்டும். உடல் வளையாமல் காக்க வேண்டும். இதே கொள்கையிலமைந்த தொங்கவிடு முறையை மேலைநாட்டு எலும்பு மருத்துவம் 20-ஆம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டது.

1742-இல் வூ சியென் தலைமையில் அரசவை வெளியிட்ட 'யீசோங் ஜின்ஜியென்' என்னும் பெருந்தொகுப்பின் எலும்பு மருத்துவப் பகுதி இதனை மேலும் செம்மைப்படுத்துகிறது. தடவி அறிதல், இணைத்தல், தாங்கல், தூக்கல், அழுத்தல், தேய்த்தல், தள்ளல், பிடித்தல் என எட்டுக் கைமுறைகளை அது வகுக்கிறது. இவற்றுள் தடவி அறிதலே முதலாவது. முதுகு அடிபட்டு நிமிர முடியாதோருக்கு அது கூறும் முறை 'கயிறு பற்றிச் செங்கல் அடுக்கல்'. நோயாளி மேலே கட்டிய கயிறுகளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலின் கீழும் அடுக்கிய மூன்று செங்கற்கள்மீது நிற்கிறார். பின்னிருந்து ஒருவர் இடுப்பைத் தாங்கிக்கொள்ள, செங்கற்கள் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. உடல் சிறிது சிறிதாக நீள்கிறது. அதன்பின் 'தோங்மு' எனப்படும் மரத்தாங்கி முதுகில் கட்டப்படுகிறது. தோங்மு ஊசியிலை மரத்தால் ஆனது. இடுப்பிலிருந்து தோளைச் சற்றுக் கடக்கும் நீளமுடையது. வெளிப்புறம் தட்டையாகவும், உட்புறம் முதுகெலும்போடும் தசையோடும் பொருந்துமாறு குடைந்தும் செய்யப்படுவது.

கதையிலும் பலகை, நூலிலும் பலகை. ஆயின் இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. கதையின் பலகை தட்டையானது. உடல் அதற்கேற்ப மாற வேண்டும். நூலின் பலகை குடையப்பட்டது. அது உடலுக்கேற்ப மாறுகிறது. கதையில் விசை மருத்துவனுடையது. நூலில் விசை நோயாளியின் எடையும் பிடிப்புமே. கயிற்றைப் பற்றியிருப்பவர் நோயாளி என்பதால், எவ்வளவு தாங்க முடியும் என்பதை அவர் உடலே கூறுகிறது. 'காத்தல்' என்னும் நோக்கு சீன எலும்பு மருத்துவத்தில் கருவியின் வடிவமாகவே வெளிப்பட்டது எனலாம்.

அதே வேளையில் இவ்விரு நூல்களின் எல்லையையும் சுட்ட வேண்டும். வெய் யீலினும் யீசோங் ஜின்ஜியெனும் பேசுவது அடிபட்ட முதுகைப் பற்றி. வளரும் பருவத்தில் மெல்ல உருவாகும் பக்கவளைவுக்கு இம்முறைகள் வகுக்கப்படவில்லை. இவற்றைப் பக்கவளைவு மருத்துவத்தின் தொன்மைச் சான்றாகக் காட்டுவோர் நோயின் பெயரை மாற்றிவிடுகின்றனர்.

ஒரு கூன், பல நோய்

பழைய நூல்களின் 'கூன்' ஒரே நோயன்று. முள்ளெலும்புக் காசநோய், ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய், முதுமையில் எலும்பு நலிந்து நொறுங்குதல், முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும் அழற்சி நோய் எனப் பலவும் அச்சொல்லுக்குள் அடங்கின. இறுதியாகக் கூறிய அழற்சி நோயான அங்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிசுக்கு, நெய்ஜிங் நூலின் 'தாலௌ' என்னும் பெயரையே பெய்ஜிங் மருத்துவர் ஜியாவ் ஷூதே தற்காலத்தில் மீட்டளித்தார். காலைநேர விறைப்பும் முன்வளைவும் கொண்ட அந்நோய்க்கு, நாண் இறுகியதால் கூன் விழுகிறது என்ற பழைய விவரிப்பு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

காரணத்தைப் பிரித்தறிவதில் மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 1779-இல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் கூனோடு காலும் செயலிழக்கும் நோயை விவரித்தார். 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1895-இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டபின் உயிரோடிருப்பவரின் முதுகெலும்பை நேரில் காண முடிந்தது. காசநோய்க் கூனின் மருத்துவத்தில் சீன மக்கள் வாழும் நகரம் ஒன்றே முன்னின்றது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் ஆகிய இருவரும் 1956-இல் வெளியிட்ட, முன்புறமாகச் சென்று சிதைந்த எலும்பை அகற்றி ஒட்டெலும்பு வைக்கும் முறை 'ஹாங்காங் அறுவை' என உலகெங்கும் பெயர் பெற்றது.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் நேரிய தொடர்பு உண்டு. பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகம் முள்ளெலும்புக் காசநோய் குறித்து நடத்திய ஒப்பீட்டாய்வுகள் தென்கொரியா, ரொடீசியா, ஹாங்காங் ஆகியவற்றோடு சென்னையிலும் நிகழ்ந்தன. கொரியாவின் மாசான் ஆய்வு நெடுநாள் படுக்கை ஓய்வும், பூசான் ஆய்வு சுண்ணச்சாந்துக் கவசமும் மருந்தின் பயனுக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை எனக் காட்டின. சென்னையில் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தோடு இணைந்து நடந்த ஆய்வு, நடமாடிக்கொண்டே குறுகிய கால மருந்து உட்கொண்டவர்களையும் அறுவைக்கு உட்பட்டவர்களையும் ஒப்பிட்டது. அறுவையின்றி மருந்தாலேயே பெரும்பாலோர் நலமடைந்தனர் என அதன் முடிவுகள் தெரிவித்தன. பலகையும் கவசமும் இன்றிக் கூன் நோயின் வேரை மாத்திரையால் அறுக்க முடிந்தது. குளிரும் காற்றும் எனப் பழையோர் கண்ட காரணத்தின் இடத்தில் ஒரு கிருமி நின்றது.

இன்றைய கோணம்

பக்கவளைவில் நிலைமை இவ்வளவு தெளிவானதன்று. வளரிளம் பருவத்தில், சிறப்பாகப் பெண்குழந்தைகளிடம், வெளிப்படையான காரணமின்றித் தோன்றும் வளைவே மிகுதி. ஜான் காப் 1948-இல் வகுத்த முறைப்படி எக்ஸ் கதிர்ப் படத்தில் அளக்கும்போது 10 பாகைக்குக் குறையாத வளைவு பக்கவளைவு எனப்படும். வளர்ச்சி எஞ்சியுள்ள குழந்தையிடம் வளைவு ஏறத்தாழ 25 முதல் 40 பாகை வரை இருப்பின் தாங்கு கச்சை பரிந்துரைக்கப்படுகிறது. 50 பாகையை நெருங்கினால் அறுவை எண்ணப்படுகிறது. வட அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஒப்பீட்டாய்வில், கச்சை அணிந்தோருள் 72 விழுக்காட்டினரும் வெறுமனே கண்காணிக்கப்பட்டோருள் 48 விழுக்காட்டினரும், வளர்ச்சி முடியும் வரை 50 பாகையை எட்டாமல் இருந்தனர். கச்சையை நாள்தோறும் நெடுநேரம் அணிந்தோர்க்குப் பயன் மிகுந்தது.

சீனாவில் மரபு மருத்துவக் கல்லூரிகள் 1956 முதல் அரசால் நிறுவப்பட்டன. 'துய்னா' எனப்படும் கைம்மருத்துவம், அக்குபஞ்சர், 1976-இல் சூ ஹான்சாங் உருவாக்கிய சிறு ஊசிக்கத்தி முறை ஆகியன அங்குப் பக்கவளைவுக்கும் கையாளப்படுகின்றன. முதுகுவலியையும் தசை இறுக்கத்தையும் தணிப்பதில் இவற்றுக்கு இடமிருக்கலாம். ஆயின் வளரிளம் பருவப் பக்கவளைவின் பாகையை இவை தனித்து நின்று நிலையாகக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஒப்பீட்டுச் சான்று இல்லை. இங்கே இழப்பு என்பது கதையில் வருவதுபோல் கண் பிதுங்குதல் அன்று, காலம் கடத்தல். 12 வயதுச் சிறுமிக்குக் கச்சை பயன்படும் காலம் மிகக் குறுகியது. எலும்பு வளர்ச்சி நின்றபின் அக்காலம் திரும்ப வராது. நிமிர்த்துவதாக உறுதி கூறும் மருத்துவத்தில் அவ்விரு ஆண்டுகள் கழியுமாயின், தீங்கற்றதாகத் தோன்றும் மருத்துவமும் தீங்கு செய்ததாகவே முடியும். இதனை உணர்ந்தே ஹாங்காங் அரசு 1995 முதல் மாணவர்க்குப் பக்கவளைவுச் சோதனை நடத்துகிறது. சீன அரசும் 2014-இல் குழந்தைகளின் முதுகெலும்பு வளைவைக் கண்டறிவதற்கான தேசியத் தரவரையறையை வெளியிட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். சீன மரபு நூல்கள் பேசுவது பெரும்பாலும் முன்கூனும் அடிபட்ட முதுகுமே. அவற்றைப் பக்கவளைவு மருத்துவத்தின் ஈராயிரம் ஆண்டுச் சான்றாகக் கொள்ள இயலாது. அடிப்படை நூல்களின் நோய்க்கொள்கை வலிந்து நிமிர்த்துவதை ஆதரிக்கவில்லை. வெம்மை, ஊட்டம், இயக்கம் ஆகியவற்றையே நாடியது. 1337, 1742 ஆகிய ஆண்டுகளின் நூல்கள் விசையை மருத்துவனின் கையிலிருந்து நோயாளியின் உடலுக்கு மாற்றின. இதுவே அம்மரபின் உண்மையான பெருமை. பழைமையை மிகைப்படுத்திக் கூறுவோர் இப்பெருமையைக் காணத் தவறுகின்றனர்.

மருத்துவ நூல்களுக்கு வெளியே நகைக்கதையாக வாழ்ந்த ஒரு வினா, மருத்துவத்தின் அளவுகோலாகவும் விளங்கியது என்பதும் இங்குப் பெறப்படுகிறது. நேரானானா என்பதோடு நின்றுவிடாமல், பிழைத்தானா, எவ்வாறு வாழ்கிறான் எனக் கேட்கும் அவ்வினா ஊசிக்கும் கைம்மருத்துவத்துக்கும் மட்டும் உரியதன்று. கச்சைக்கும் அறுவைக்கும், எக்ஸ் கதிர்ப் படத்தின் பாகைக் கணக்குக்கும் அது பொருந்தும். மிங் கால ஆட்சியாளர் ஒருவர் அதனை வரிக்கணக்கின்மீதே தொடுத்தார். எந்தக் கணக்கு வெற்றியை அறிவித்தாலும், அதன் கீழ்க் கிடந்தவரின் நிலையைக் கேட்டறிந்த பின்னரே அவ்வெற்றியை ஏற்க வேண்டும்.